மூன்றாவது கியரில் என் தங்கை

கார் கம்பெனிகளில் எஞ்சினும் கியர்பாக்ஸும் உருவாக்குகிறவர்களைப் பற்றி, படித்தவர்கள் எழுதினால், எந்தக் கல்லூரி, என்ன பட்டம் என்று ஆரம்பிப்பார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். எனக்குத் தெரிந்த வழியில்தான் எழுதுவேன். ஆனாலும் பத்தொன்பது வருடம் கியர்பாக்ஸ் பிரிவின் தலைவராக இருந்த என் மாப்பிள்ளையைப் பற்றி என்னைவிடத் தெரிந்தவன் எவனும் இல்லை. மாப்பிள்ளை என்றால் மகளைக் கட்டியவர் இல்லை, தங்கையைக் கட்டியவர். அவர் உருவாக்கிய கியர்பாக்ஸ் மொத்தம் ஐந்து. ஐந்திலும் உள்ளே இருக்கிற ஃபோர்க் என் பட்டறையில் செய்தது.

ஃபோர்க் என்றால் சாப்பிடுகிற முள்கரண்டி இல்லை. நீங்கள் கியர் லீவரைத் தள்ளும்போது, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கவை மாதிரி ஓர் உலோகத் துண்டு, சுற்றுகிற ஒரு வளையத்தைப் பிடித்துத் தள்ளுகிறது. வளையம் போய்ப் பல்லில் பூட்டிக்கொண்டால் கியர் விழுந்தது என்கிறோம். அந்தக் கவைதான் ஃபோர்க். பார்த்தால் பத்துப் பைசா பெறாது என்று நினைப்பீர்கள். அது இல்லாவிட்டால் எவ்வளவு பெரிய எஞ்சினும் நின்ற இடத்தில் உறுமிக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். ஒரே ஒரு பழைய கடைசல் மெஷினோடு நான் ஆரம்பித்த பட்டறையில் இன்று இருபத்திரண்டு மெஷின் ஓடுகிறது. எல்லாம் இந்தக் கவையால் வந்தது. சரி, என் பெருமையை நானே பேசினால் நன்றாக இருக்காது. மற்றவர்கள் பேசுகிறார்கள், அது போதும்.

மாப்பிள்ளைக்குக் கம்பெனியில் வைத்த பெயர் பல் டாக்டர். அவர் வேலைக்குச் சேர்ந்தபோது கொடுத்த இடம் கட்டடத்துக்குப் பின்னால் ஒரு தகரக் கூரை அறை. உடைந்துபோன கியர்பாக்ஸ்கள் பல ஊர்களிலிருந்தும் மரப்பெட்டிகளில் அங்கே வந்து இறங்கும். அதைப் பிரித்து, எந்தப் பல் எப்படி உடைந்தது என்று பார்த்து எழுத வேண்டும். கூடச் சேர்ந்தவர்கள் குளிர்ந்த அறையில் எஞ்சின் வரைந்துகொண்டிருக்க, இவர் எட்டு வருடம் எண்ணெய் நாற்றத்தில் உடைந்த பல் பார்த்தார். வேறு ஆளாக இருந்தால் ஓடிப் போயிருப்பான். இவர் ஒரு பல்லை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எறக்கத்துல நாலாவதுலருந்து ஒரேயடியா ரெண்டாவதுக்கு இழுத்தவன் வேல. ஆளு கோவக்காரனா இருப்பான்" என்பார். விசாரித்தால் அப்படியே இருக்கும். அந்த எட்டு வருடத்தில் ஒரு முகத்தைக்கூடப் பார்க்காமல் ஆயிரக்கணக்கான ஓட்டுநர்களின் குணத்தைத் தெரிந்து வைத்திருந்தார்.

நான் அவரைச் சந்தித்தது சண்டை போடப் போன இடத்தில். நான் செய்து அனுப்பிய ஃபோர்க்குகளை மூன்று முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது முறை அந்தச் சாக்கை அப்படியே தோளில் போட்டுக்கொண்டு தகரக் கூரை அறைக்குள் போய்த் தொப்பென்று போட்டேன்.

"யாருய்யா இங்க பல் டாக்டர்?"

"நாந்தான். உக்காருங்க."

"உக்கார வரல. என் வேலையில என்ன கொறைன்னு கண்ணால பாத்துச் சொல்லு."

"கண்ணால பாத்தா தெரியாதுங்க. அதான் கொறை."

இழுப்பறையிலிருந்து ஓர் அளவுத் தகட்டை எடுத்து ஃபோர்க்கின் வாயில் நுழைத்துக் காட்டினார். ஒரு பக்கம் நுழைந்தது, மறுபக்கம் நுழையவில்லை. தலைமுடியில் பாதி வித்தியாசம். நான் பேச்சில்லாமல் நின்ற நாட்களை ஒரு கைவிரல்களில் எண்ணிவிடலாம், அதில் அது முதல் நாள். திரும்பி வரும் வழியிலேயே முடிவு பண்ணிவிட்டேன். என் வேலையை மூன்று முறை திருப்பி அனுப்பத் தைரியம் உள்ள ஒரே ஆளுக்குத்தான் என் தங்கையைக் கொடுக்க வேண்டும். உறவுக்காரன் ஆகிவிட்டால் நான்காவது முறை அனுப்ப மாட்டான் என்று ஒரு கணக்கும் இருந்தது. அந்தக் கணக்கு தப்பு. கல்யாணத்துக்குப் பிறகு ஆறு முறை அனுப்பினார்.

தங்கை ஆஸ்பத்திரியில் நர்ஸ். நான் விஷயத்தைச் சொன்னதும் அவள் கேட்டது ஒன்றுதான்: "உங்க வேலையில கொறை சொல்லிட்டு முழுசா வெளிய வந்தவரா? அப்படின்னா பாக்கலாம்ணே."

தகரக் கூரையிலிருந்து வரைபடப் பிரிவுக்கு, அங்கிருந்து பரிசோதனைப் பிரிவுக்கு, பிறகு கியர்பாக்ஸ் தலைவர் என்று மாப்பிள்ளை ஏறிய ஏற்றத்தை ஒவ்வொரு படியாகச் சொல்லப் போவதில்லை. அவருக்குச் சமமாக எதிர்ப்பக்கத்தில் எஞ்சின் பிரிவுக்கு ஓர் அம்மா தலைவராக இருந்தார். எஞ்சின் மேடம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அவரும் லேசுப்பட்டவர் இல்லை. கடுங்குளிரில் எஞ்சின் ஸ்டார்ட் ஆகிறதா என்று பார்ப்பதற்காகப் பனிக்கட்டி மாதிரி குளிர வைத்த அறைக்குள் நான்கு வருடம் வேலை பார்த்தவர். இரண்டு விரல் நுனியில் இன்றைக்கும் அவருக்கு உணர்ச்சி கிடையாது. சாப்பாட்டு நேரத்தில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தால் சுற்றி இருக்கிறவர்கள் சாப்பிட மறந்து வேடிக்கை பார்ப்பார்கள்.

"நான் கஷ்டப்பட்டு ஒவ்வொரு சொட்டா சக்தி எடுத்துக் குடுக்கறேன். உங்க பொட்டி பாதியத் தின்னுட்டு மீதியச் சக்கரத்துக்கு அனுப்புது" என்பார் மேடம்.

"தின்னாலும் சத்தம் போடாமத் திங்குதுங்க. உங்க எஞ்சின் வேலை செய்யறதவிட அதப் பத்திப் பேசறதுதான் ஜாஸ்தி" என்பார் இவர்.

மூன்றாவது கியர்பாக்ஸ் முடியும் நேரத்தில்தான் அந்த நாற்காலிப் பேச்சு வந்தது. எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் சேர்த்து ஒரே தலைவர் என்று புதிதாக ஒரு பதவி. யார் என்பதை, புதுக் கார் கையெழுத்தாகிற கூட்டத்தில் பெரியவர் சொல்வார். பெரியவர் என்றால் கம்பெனியின் மொத்த வடிவமைப்புக்கும் பொறுப்பானவர், அதிகம் பேசாத மனிதர். மாப்பிள்ளை அந்த நாற்காலியை ஆசைப்பட்டார். மறைக்க என்ன இருக்கிறது, பசித்தவன் சோற்றைப் பார்ப்பதுபோல் பார்த்தார். முதலில் எஞ்சினை வரைவது, பிறகு மிச்ச இடத்தில் கியர்பாக்ஸைத் திணிப்பது என்றுதான் அதுவரை நடந்தது. இரண்டையும் முதல் நாளிலிருந்தே ஒரே காகிதத்தில் வரைய வேண்டும் என்பது அவருடைய இருபது வருட நினைப்பு. அந்த நாற்காலியில் உட்கார்ந்தால்தான் அது நடக்கும்.

கிடைக்கும் என்றுதான் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அவருடைய புதுப் பெட்டி பழையதைவிடப் பதினோரு கிலோ இளைத்திருந்தது. பரிசோதனை ஓட்டுநர்கள் பன்னிரண்டு பேர் அதை இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓட்டினார்கள். அந்த ஓட்டுநர்களுக்கு மேலாளாக இருந்தவருடைய பட்டப்பெயர் பட்டுக்கை. அவர் கியர் மாற்றினால் பக்கத்தில் தூங்குகிறவருக்குத் தூக்கம் கலையாது. ஓட்டி முடித்துப் பெட்டியைப் பிரித்தால் என் ஃபோர்க்குகள் நேற்றுச் செய்ததுபோல் இருந்தன. மாப்பிள்ளை கையெழுத்துப் போட்டார்.

கம்பெனியில் இன்னொரு வழக்கம் உண்டு. கையெழுத்துப் போட்ட தலைவர், வெளியே வராத அந்தக் காரை நான்கு மாதம் வீட்டுக்கு எடுத்துப் போய் ஓட்ட வேண்டும். தான் செய்ததோடு தானே குடித்தனம் நடத்திப் பார்க்கட்டும் என்று. நிபந்தனை ஒன்றுதான்: வேறு யாரும் ஓட்டக் கூடாது. அதற்கும் மாப்பிள்ளை கையெழுத்துப் போட்டிருந்தார்.

மூன்றாவது மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கார் என் பட்டறை வாசலில் வந்து நின்றது. மாப்பிள்ளை இறங்கினார், பின்னாலேயே தங்கை. அவர் முகம் சரியில்லை.

"மச்சான், மூணாவது கியர் தானா வெளிய வருது. லீவர் தவளை மாதிரி துள்ளி நடுவுக்கு வந்துருது."

"கம்பெனில பிரிச்சுப் பாக்க வேண்டியதுதானே?"

"மொதல்ல உங்ககிட்ட பாத்துக்கலாம்னு."

பிரித்தோம். ஞாயிற்றுக்கிழமை என்பதால் பட்டறையில் நாங்கள் மட்டும்தான். மதியத்துக்கு முன்னால் பெட்டியின் வயிறு மேஜைமேல் பரந்து கிடந்தது. மற்ற ஃபோர்க்குகள் மணிமணியாக இருந்தன. மூன்றாவது கியர் ஃபோர்க்கின் நுனி மட்டும் சப்பிப் போட்ட மிட்டாய் மாதிரி தேய்ந்திருந்தது. மாப்பிள்ளை அதை என் பக்கம் நகர்த்தினார்.

"உங்க ஃபோர்க்கு மச்சான்."

"மாப்ள, வாய அளந்து பேசுங்க. அதே அச்சுல ஊத்தினதுதான் மத்ததெல்லாம். அது மட்டும் எப்படித் தேயும்?"

"அதத்தான் நானும் கேக்கறேன்."

"ரெண்டு லட்சம் கிலோமீட்டர் தேயாதது, நீங்க வீட்டுக்கும் ஆபீசுக்கும் போய் வந்ததுல தேஞ்சிருச்சா? நீங்க என்ன காரா ஓட்டறீங்க, மாவா அரைக்கிறீங்க?"

உலோகம் எவ்வளவு கெட்டி என்று பார்க்கும் கருவியை எடுத்து வந்து அவர் கண் முன்னாலேயே அழுத்திக் காட்டினேன். எண் சரியாக இருந்தது. என் வேலையில் குறை என்று சொன்னவர்கள் உண்டு, நிரூபித்தவர் இவர் ஒருவர்தான், அன்றைக்கு அவராலும் முடியவில்லை. இருவரும் முறைத்துக்கொண்டு நின்றோம். டீ ஊற்றிக்கொண்டிருந்த தங்கை தலையைத் தூக்காமல் சொன்னாள்:

"நான் வேணா ஓட்டிக் காட்டட்டுமா, எந்த எடத்துல துள்ளுச்சுன்னு?"

மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு அப்போதுதான் விளங்கியது.

தங்கை லைசென்ஸ் பரீட்சையில் மூன்று முறை தோற்றவள். ஓட்டுநர் பள்ளிக்காரர் அவளைக் கண்டால் எதிர்ச்சாரிக்குப் போகிற அளவுக்கு ஆகிவிட்டிருந்தது. நாமே கற்றுக்கொடுத்துவிடலாம் என்று மாப்பிள்ளை நினைத்திருக்கிறார். வீட்டில் இருந்ததோ இந்த ஒரு கார். ஊருக்கு வெளியே மூடிக் கிடக்கும் நூற்பாலையின் பெரிய முற்றத்தில், வாட்ச்மேனைத் தவிர ஈ காக்காய் கிடையாது. மூன்று மாதமாகச் சனியும் ஞாயிறும் காலையில் அவள் அங்கே சுற்றிச் சுற்றி ஓட்டியிருக்கிறாள்.

"ஏம்மா, எந்தக் கியர்ல ஓட்டுவ?" என்று கேட்டேன்.

"மூணுலதான். ரெண்டுல கத்துது, நாலுல போட்டா பயமா இருக்கு. மூணுதான் எனக்கு ஒத்து வருது."

மாற்று ஃபோர்க் ஒன்றைப் போட்டுப் பெட்டியை மூடி மாட்டினோம். அடுத்த சனிக்கிழமை நூற்பாலைக்குப் போனோம். தங்கை ஓட்ட, மாப்பிள்ளை பக்கத்தில், நான் பின் சீட்டின் நடுவில். அவள் ஒன்று, இரண்டு, மூன்று என்று போட்டாள். போட்ட பிறகு இடது கை ஸ்டியரிங்குக்குப் போகவே இல்லை. லீவரின் உருண்டைத் தலைமேல், தூங்குகிற குழந்தையின் தலையில் வைத்த மாதிரி, அப்படியே இருந்தது. ஒரு சுற்று, இரண்டு சுற்று, பத்துச் சுற்று. கை அங்கேயேதான்.

"தங்கச்சி, கைய எடு."

"எதுக்கு? புடிச்சுக்கலன்னா அது எங்கயாவது போயிரும் போல இருக்குண்ணே."

"மாப்ள, பாத்தீங்களா?"

மாப்பிள்ளை பார்த்தார். வாழ்க்கையில் முதல் முறையாகப் பார்க்கிறவர்போல் மனைவியின் கையைப் பார்த்தார்.

"மூணு மாசமா பக்கத்துல உக்காந்திருக்கீங்க" என்றேன். "ஒடைஞ்ச பல்லப் பாத்து முன்ன பின்ன தெரியாதவன் கோவத்தையெல்லாம் சொல்ற மனுசன். பொண்டாட்டி கை எங்க இருக்குன்னு தெரியலையா?"

"நான் சுவத்த பாத்துக்கிட்டு இருந்தேன் மச்சான். உசுருக்குப் பயந்து."

வண்டியை நிறுத்தச் சொல்லி, இறங்கி, நூற்பாலைச் சுவர்மேல் சாய்ந்து நின்றார். நான் பக்கத்தில் போனேன். கரிக்கட்டியால் சுவரில் ஒரு கோடு போட்டு எனக்கு விளக்கினார். லீவர் நீளமானது. மேலே கை ஒரு கிலோ அழுத்தினால், கீழே ஃபோர்க்கில் அது ஏழெட்டு கிலோ. நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் சுற்றுகிற வளையத்தின்மேல் ஃபோர்க் அந்த எடையோடு உரசிக்கொண்டே இருந்தால் தேயாமல் என்ன செய்யும்? பட்டுக்கையின் ஆட்கள் கியர் விழுந்த நொடியே கையை எடுத்துவிடுகிறவர்கள். அவர்கள் இரண்டு லட்சமில்லை, இருபது லட்சம் ஓட்டினாலும் இது தெரியாது. நன்றாக ஓட்டுகிறவர்களை மட்டும் வைத்து ஓட்டிப் பார்த்துவிட்டுப் பெட்டி நன்றாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

அதைவிடப் பெரியதை அவர் பிறகுதான் சொன்னார்.

"பழைய பொட்டில உள்ள ஒரு சின்னத் தடை இருந்துச்சு மச்சான். சுண்டு விரல் நுனி அளவுக்கு. கை அழுத்தினாலும் ஃபோர்க்கு அதுல முட்டி நின்னுரும், வளையத்துல ஒரசாது. நாப்பது கிராம். எதுக்கு வச்சாங்கன்னு பழைய வரைபடத்துல தேடினேன், காரணம்னு ஒரு கட்டம் இருக்கு, அதுல ஒண்ணும் எழுதல. வேண்டாத எடைன்னு நாந்தான் எடுத்தேன். பதினோரு கிலோல அந்த நாப்பது கிராமும் ஒண்ணு. அதுக்குக் கைதட்டல்கூட வாங்கினேன்."

மத்தியானம் எல்லோரும் என் வீட்டில் உட்கார்ந்தோம். கையெழுத்துக் கூட்டம் புதன்கிழமை. உலகத்தில் எனக்குத் தெரிந்த யுக்தி கொஞ்சம் உண்டு, அதை எடுத்து வைத்தேன்.

"இது ஒரு பெரிய விஷயமா மாப்ள? அந்தத் தடைய என் செலவுல ஃபோர்க்கோடயே சேத்து ஊத்தித் தர்றேன். சின்ன முன்னேற்றம்னு ஒரு காகிதம் போடுங்க. யாரு கேக்கப் போறா? காரும் நல்லா இருக்கும், நாற்காலியும் வரும். தங்கச்சி ஓட்டுனது நம்ம நாலு பேரோட போயிரும்."

என் மனைவி தலையை ஆட்டினாள். அவள் என் பேச்சுக்குத் தலையாட்டுவது அபூர்வம், அதனால் சரியான யோசனைதான் என்று நினைத்தேன். மாப்பிள்ளை ஆட்டவில்லை.

"காரணம் கட்டத்துல என்ன மச்சான் எழுதறது?"

"ஏதாவது எழுதுங்க. இல்ல காலியா விடுங்க."

"போன தடவ ஒருத்தரு காலியா விட்டாரு. அதனாலதான் நான் எடுத்தேன். நானும் காலியா விட்டா, எனக்கப்புறம் வர்றவன் என்ன மாதிரியே கெட்டிக்காரனா இருப்பான். அவனும் எடுப்பான்."

இதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. விரல்விட்டு எண்ணுகிற நாட்களில் இது இரண்டாவது.

"உண்மையச் சொன்னா என்னாகும்?" என்று தங்கை கேட்டாள்.

"நாற்காலி போகும். லைசென்ஸ் இல்லாதவங்களுக்கு ரகசியக் காரக் குடுத்ததுக்கு வேலைக்கே கேள்வி வரலாம்."

தங்கை, "எங்க வார்டுல மருந்த மாத்திக் குடுத்துட்டா அந்த நிமிசமே எழுதி வைப்போம். எழுதினவங்கள திட்டுவாங்க. எழுதாதவங்களதான் வீட்டுக்கு அனுப்புவாங்க" என்றாள். "என்னால போகுதேன்னுதான் இருக்கு. ஆனா சொல்லிருங்க."

புதன்கிழமைக் கூட்டத்தில் நானும் இருந்தேன். ஃபோர்க் செய்கிறவன் என்கிற முறையில் எனக்கும் ஒரு நாற்காலி உண்டு, நீள மேஜையின் கடைசியில், தண்ணீர் ஜாடிக்குப் பக்கத்தில். பதினான்கு பேர். ஐந்தாம் வகுப்புக்காரன் நான் ஒருவன்தான், ஆனால் அங்கே இருந்ததிலேயே நல்ல சட்டை என்னுடையது. பெரியவர் காகிதத்தைத் திறந்ததும் மாப்பிள்ளை எழுந்தார்.

"ஐயா, என் கையெழுத்தத் திரும்ப எடுத்துக்கறேன்."

தேய்ந்த ஃபோர்க்கை மேஜைமேல் வைத்தார். எல்லாவற்றையும் சொன்னார். எதையும் சுற்றி வளைக்கவில்லை. நாற்பது கிராமில் ஆரம்பித்து நூற்பாலை முற்றம் வரை.

"ஓட்டினது யாரு?" என்றார் பெரியவர்.

"என் மனைவிங்க."

"லைசென்ஸ்?"

"மூணு தடவ எழுதியிருக்காங்க. இன்னும் கெடைக்கல."

ஒருவர் இருமினார். இருமல் இல்லை, சிரிப்பு. பட்டுக்கைக்கு முகம் சிவந்துவிட்டது.

"ஐயா, லீவர்மேல கை வச்சா அது யாரு தப்பு? என் ஆளு எவனாவது வச்சா கைய ஒடிச்சிருவேன். அந்தம்மாவுக்கு ஓட்டத் தெரியல, அதுக்குப் பொட்டிய மாத்தறதா?"

எல்லோரும் எஞ்சின் மேடத்தைப் பார்த்தார்கள். இப்போது அவர் வாயைத் திறக்காமல் இருந்தாலே போதும், நாற்காலி தானாக அவரிடம் போய்விடும். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"நான் வைப்பேன்" என்றார்.

"எத மேடம்?"

"கைய. லீவர்மேல. பதினெட்டு வருசமா அப்படித்தான் ஓட்டறேன். விரல் மரத்துப்போச்சா, எங்கயாவது சாச்சு வச்சுக்கணும்." சுற்றிலும் பார்த்தார். "வேற யாரெல்லாம் வைப்பீங்க? பொய் சொல்லாம கையத் தூக்குங்க."

முதலில் யாரும் தூக்கவில்லை. பிறகு சக்கரப் பிரிவுக்காரர் பாதி தூக்கினார். அடுத்து ஒன்று, அடுத்து இரண்டு. எண்ணிப் பார்த்தேன், மேடத்தோடு சேர்த்து ஒன்பது கை. காரை உருவாக்குகிற கைகள் ஒன்பது. கடைசியில், கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, பெரியவரும் தூக்கினார். நான் தூக்கவில்லை. நான் ஓட்டும்போது இரண்டு கையும் ஸ்டியரிங்கில்தான் இருக்கும், இது ஊரறிந்த விஷயம்.

பெரியவர் சுருக்கமாகச் சொல்லி முடித்தார். கார் பத்து வாரம் தள்ளிப் போகும். தடை திரும்ப வரும். மாப்பிள்ளை ஒரு வருடத்துக்குக் கம்பெனிக் கார் எதையும் வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது. இரண்டுக்கும் சேர்த்த தலைவர் பதவி எஞ்சின் மேடத்துக்கு.

வெளியே நடைவழியில் மேடம் மாப்பிள்ளையை நிறுத்தினார். நான் இரண்டடி தள்ளி நின்று சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், காது மட்டும் இந்தப் பக்கம்.

"வருத்தமா?"

"கொஞ்சம்."

"கொஞ்சமா?"

"நெறைய."

"பின்ன இல்லாம இருக்குமா. ஆனா ஒண்ணு கேளுங்க. என் எஞ்சினையும் அந்தப் பட்டுக்கை ஆளுங்கதான ஓட்டிப் பாத்தாங்க. அதுல என்னென்ன ஒளிஞ்சிருக்கோ. எஞ்சின், பொட்டி ரெண்டையும் சாதாரண ஜனங்க கையில குடுத்துப் பாக்கற வேலைய நீங்க எடுத்து நடத்தணும். யாரக் கூப்பிடறது, எப்படிப் பாக்கறது, எல்லாம் உங்க இஷ்டம்."

மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "ரெண்டையும் சேத்தா?" என்றார்.

"சேத்துத்தான்."

அந்த நாற்காலி அவருக்குக் கடைசிவரை வரவில்லை. ஓய்வு பெறும்போதும் கியர்பாக்ஸ் தலைவர்தான். ஆனால் அன்றைக்கு வீட்டுக்குப் போக பஸ்ஸுக்கு நின்றபோது அவர் முகத்தில் நாற்காலியைத் தொலைத்தவன் களை இல்லை. பஸ் டிக்கெட்டின் பின்புறத்தில் யாரையெல்லாம் கூப்பிடலாம் என்று எழுதிக்கொண்டே வந்தார்.

வரைபடத்தின் காரணம் கட்டத்தை நிரப்பியபோது வீட்டில் ஒரு தகராறு நடந்தது. "மோசமாக ஓட்டுகிறவர் லீவரில் கையை வைத்திருப்பார்" என்று எழுதியிருந்தார். தங்கை எட்டிப் பார்த்துவிட்டாள்.

"யாரு மோசமா? மேடம் மோசமா? உங்க பெரியவர் மோசமா?"

"ஒரு வார்த்தைக்கு எழுதினதும்மா."

"அந்த ஒரு வார்த்தைய அடிங்க. இல்லன்னா வேற ஆளத் தேடிக்குங்க, உங்க பரிசோதனைக்கு நான் வந்து ஓட்ட மாட்டேன்."

அடித்துவிட்டு "சாதாரணமாக ஓட்டுகிறவர்" என்று எழுதினார். இன்றும் அந்தக் கட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது. அதற்குப் பிறகு மூன்று தலைவர்கள் வந்து எடை குறைத்துவிட்டார்கள், தடையில் எவரும் கை வைக்கவில்லை.

கூட்டம் முடிந்த மூன்றாவது வாரம், தடையைத் திரும்ப வைத்த பெட்டிகளோடு, கம்பெனியின் சொந்தப் பரிசோதனைத் தடத்தில் சாதாரணப் படை இறங்கியது. அது வேலி போட்ட தனி இடம் என்பதால் அங்கே லைசென்ஸ் கேள்வி இல்லை. தங்கை, ஒரு தையல்காரர், சத்தம் எந்தச் சுருதிக்கு ஏறுகிறதோ அதை வைத்துக் கியர் மாற்றுகிற ஒரு பாட்டு வாத்தியார், எஞ்சின் மேடத்தின் தம்பி, அப்புறம் முப்பது வருடமாகக் கிளட்சிலிருந்து காலை எடுக்காத என் மனைவி. பட்டுக்கை வாசலில் நின்று ஒவ்வொருவரிடமும் சாவியைக் கொடுத்தார். ஒவ்வொரு சாவியையும் ஒரு நொடி விடாமல் பிடித்திருந்துவிட்டுத்தான் கொடுத்தார்.

"என்ன சொல்லணும் இவங்களுக்கு?" என்று மாப்பிள்ளையிடம் கேட்டார்.

"ஒண்ணும் சொல்லாதீங்க. அதான் முக்கியம். எதையும் கத்துக்குடுத்துறாதீங்க."

"பாத்துக்கிட்டு சும்மா நிக்கணுமா?"

"முடியலன்னா அந்தப் பக்கம் திரும்பிக்குங்க."

நானும் பெயர் கொடுத்திருந்தேன். மாப்பிள்ளை என்னை ஓரமாக அழைத்துப் போனார்.

"மச்சான், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க வேணாம்."

"ஏன், வயசாயிருச்சுன்னா?"

"நீங்க ரொம்ப நல்லா ஓட்டறீங்க."

வேலை கேட்டுப் போய் எனக்கு இல்லை என்று சொன்ன ஒரே இடம் அது. இப்படிப்பட்ட காரணத்துக்காக இல்லை என்று சொன்னால் எத்தனை இடத்தில் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளத் தயார். என் மனைவி காருக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தாள்.

"பின் சீட்டுல நாலு மூட்ட மணல் வைக்கணும்னு சொன்னீங்களே தம்பி. இவர உக்கார வச்சா ஒரு மூட்ட மிச்சம்."

ஏறி உட்கார்ந்தேன், மூன்று மூட்டைகளோடு நான்காவதாக. முன்னால் மாப்பிள்ளை மடியில் நோட்டோடு. என் மனைவி கிளட்சை ஓலமிட வைத்து வண்டியைக் கிளப்பினாள். தடத்தின் முதல் ஏற்றம் வந்தது. மூன்றாவது கியரைக் குத்தி ஏற்றிவிட்டு இடது கையை லீவர்மேல் சாய்த்துவிட்டாள். எஞ்சின் திணறியது. மாப்பிள்ளை மூச்சை அடக்கிக்கொண்டு லீவரையே பார்த்தார், நானும் இரண்டு சீட்டுக்கும் நடுவில் தலையை நீட்டிப் பார்த்தேன். ஏற்றம் முடிகிற வரை அது அசையவில்லை. இறக்கத்திலும் அசையவில்லை.

"நல்லாத்தான் ஓட்டற" என்றேன் மனைவியிடம். முப்பது வருடத்தில் நான் அப்படிச் சொன்னதில்லை.

அவளுக்கு வெட்கம் வந்து, கையை எடுத்து ஸ்டியரிங்கில் வைத்து நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஐயோ அக்கா, கைய எடுத்துறாதீங்க" என்றார் மாப்பிள்ளை. "மச்சான், நீங்க கொஞ்சம் பேசாம வாங்க."